எழுப்பி விட்டால் போதுமா?

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிற கனவான்கள் மரக்காணம் வந்ததும் கண்ணாடியை இறக்கிப் பார்க்கிறார்கள். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள்! "அழகு" என்கிறார்கள், கண்ணாடியை ஏற்றிக் கொண்டு போய் விடுகிறார்கள். அந்த உப்பை வாரிக் குவித்தவனின், சுமந்து கொட்டியவளின் கால்களைப் பார்த்தவர்கள் குறைவு. மனத்தைப் பார்த்தவர்கள் அதனினும் குறைவு.

காலில் புண் வந்தால் மருந்து போடலாம். கண் கூசிப் பார்வை மங்கினால் டாக்டரிடம் காட்டலாம். மனம் விழுந்து விட்டால்? பொழுது விடிந்தும் எழுந்திருக்க முடியவில்லை, சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, பெற்ற பிள்ளையைப் பார்த்தாலும் மனம் அசையவில்லை என்றால்? அப்போது ஊர் என்ன சொல்கிறது? "சோம்பேறி" என்கிறது. "காத்து கருப்பு அடித்திருக்கிறது" என்கிறது. "கோயிலில் கொண்டு போய்க் கட்டிப் போடு" என்கிறது. அப்படிக் கட்டிப் போட்டதன் விளைவைத் தமிழகம் கண்ணால் கண்டது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் கருகி மாண்டார்கள். அந்தச் சாம்பலை நாம் மறக்கலாமா?

மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருந்து உண்டு. பேச்சு சிகிச்சை உண்டு. இவற்றுக்கு மசியாத கடும் நோய்க்கு மூளையைத் தூண்டி எழுப்பும் சிகிச்சையும் உண்டு. இந்தக் கடைசி சிகிச்சையைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம். இதில் பயமும் அதிகம், வியாபாரமும் அதிகம்.

கரண்டு வைத்தியம் என்றால் என்ன?

"கரண்டு வைக்கிறார்கள்" என்றவுடன் நம் மக்கள் நடுங்குகிறார்கள். சினிமாவில் பார்த்த காட்சி அப்படி. இந்த பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1938-ல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரு டாக்டர்கள் இதைத் தொடங்கிய காலத்தில் மயக்க மருந்து கிடையாது. உடல் துடித்தது, எலும்பு முறிந்தது. அடங்காதவர்களை அடக்கும் தண்டனையாகவும் பல நாடுகளில் இதைப் பிரயோகித்தார்கள். ஆனால் இன்றைய முறை வேறு. மயக்க மருந்து கொடுத்து, தசைகளைத் தளர்த்திய பிறகே மின்சாரம் செலுத்துகிறார்கள். இவை இல்லாமல் செலுத்துவதை 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்து விட்டது. நினைவு சிறிது குழம்பக் கூடும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சாவின் விளிம்பில் நிற்கும் எத்தனையோ பேரை இந்தச் சிகிச்சை மீட்டிருக்கிறது என்பதும் உண்மை.

இதற்கு அடுத்து வந்தது காந்தத் தூண்டல். 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பார்க்கர் என்ற விஞ்ஞானியும் அவரது கூட்டாளிகளும் இதைச் செய்து காட்டினார்கள். தலைமேல் ஒரு கம்பிச்சுருளை வைத்து, காந்தத் துடிப்புகளால் மூளையின் குறிப்பிட்ட ஒரு பகுதியைத் தட்டி எழுப்புகிறார்கள். மயக்க மருந்து வேண்டாம். நோயாளி விழித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இதை மனச்சோர்வுக்கு அனுமதித்தது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் போன்ற நம் நாட்டுப் பொதுத்துறை ஸ்தாபனங்களிலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது. வலிப்பு உள்ளவர்களுக்கும், தலைக்குள் உலோகம் பொருத்தியவர்களுக்கும் டாக்டர் தீர யோசித்தே முடிவு செய்ய வேண்டும்.

விஞ்ஞானத்தின் இந்தச் சாதனையை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி: இயந்திரம் எழுப்பி விடுகிறது, எழுந்தவன் நிற்கிறானா?

கணக்கு என்ன சொல்கிறது?

2001-ல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. மின்சார சிகிச்சையால் குணமடைந்தவர்களை எடுத்துக் கொண்டு, அடுத்த 6 மாதங்களில் என்ன ஆனார்கள் என்று பார்த்தார்கள். பிறகு மருந்தே கொடுக்கப்படாதவர்களில் நூற்றுக்கு 84 பேர் மீண்டும் விழுந்தார்கள். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தவர்களிலும் நூற்றுக்கு 39 பேர் விழுந்தார்கள். இயந்திரம் தன் வேலையைச் செய்தது. அதன்பின் யாரும் கை கொடுக்கவில்லை என்றால் பலன் கரைந்து போகிறது!

கை கொடுத்தால் என்ன ஆகும்? 2014-ல் ஜெர்மனியிலிருந்து ஒரு முடிவு வந்தது. மின்சார சிகிச்சையால் தேறியவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். மூன்று பிரிவுக்கும் மருந்து உண்டு. ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும். இன்னொரு பிரிவுக்கு மருந்துடன் மேலும் மின்சாரம். மூன்றாவது பிரிவுக்கு மருந்துடன், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் பேச்சு சிகிச்சை. 6 மாதம் கழித்து நிலைத்து நின்றவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 33, இரண்டாவதில் 40, பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 77! நெதர்லாந்தில் 196 நோயாளிகளுக்குக் காந்தத் தூண்டலையும் பேச்சு சிகிச்சையையும் ஒரே சமயத்தில் கொடுத்துப் பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். சிகிச்சை முடிவில் நூற்றுக்கு 56 பேர் நோய்க்குறி நீங்கியிருந்தார்கள்.

இதை வைத்துக் கொண்டு துள்ளிக் குதிக்க வேண்டாம். ஜெர்மன் ஆராய்ச்சி சிறியது. நெதர்லாந்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவு இல்லை. 2022-ல் வந்த இன்னொரு ஜெர்மன் ஆராய்ச்சியில், மெல்லிய நேர்மின்சாரத்தைப் பேச்சு சிகிச்சையுடன் சேர்த்தபோது, பேச்சு சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே எந்த இயந்திரத்தையும் எந்தப் பேச்சுடனும் சேர்த்தால் போதும் என்பதல்ல. ஆனால் ஒரு பாடம் தெளிவு: இயந்திரம் மட்டும் முழு வைத்தியம் ஆகாது.

உப்பளத் தொழிலாளிக்கு இதை விளக்கவே தேவையில்லை. கடல்நீரைப் பாய்ச்சி விட்டால் உப்பு விளைந்து விடுமா? பாத்தி கட்ட வேண்டும். மிதித்து இறுக்க வேண்டும். வரப்பு உடையாமல் காக்க வேண்டும். இல்லாவிட்டால் பாய்ச்சிய நீர் மண்ணுக்குள் போய் விடும். தூண்டல் சோர்ந்த மூளையை அசைக்கிறது. அசைந்த அந்த நாட்களில்தான் மனிதன் புதிய பழக்கத்தைக் கற்றுக் கொள்ள வேண்டும்: காலையில் எழுவது, மனைவியிடம் மனம் விட்டுப் பேசுவது, நாலு பேருடன் சேர்வது, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் தலை தூக்கும்போது அதை எதிர்த்துக் கேட்பது. இவற்றைக் கம்பிச்சுருள் கற்றுக் கொடுக்காது. மனிதன்தான் மனிதனுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும்.

யாருக்கு இந்தச் சிகிச்சை?

மரக்காணத்து உப்பளத் தொழிலாளி ஒருவருக்கு டாக்டர் காந்தத் தூண்டலை எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். வாரத்துக்கு 5 நாள். 4 முதல் 6 வாரம். அதாவது 20 முதல் 30 தடவை. புதுச்சேரிக்கோ, திண்டிவனம் வழியாக முண்டியம்பாக்கத்துக்கோ, சென்னைக்கோ போய் வர வேண்டும். ஒவ்வொரு நாளும் பஸ் சார்ஜு. ஒவ்வொரு நாளும் கூலி நஷ்டம். துணைக்கு ஒருவர் வந்தால் இரண்டு கூலி நஷ்டம். உப்பு விளையும் பருவத்தில் வேலையை விட்டால், மழைக்காலத்தில் என்ன சாப்பிடுவது? வடகிழக்குப் பருவமழை வந்தால் அளம் மூழ்கி விடும், வேலை இல்லை. மழைக்கால நிவாரணமாக ராஜ்ய சர்க்கார் அறிவித்த 5,000 ரூபாய் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் காணும்?

ஆகவே அவர் நாலு நாள் போவார். ஐந்தாம் நாள் நிற்பார். "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று சீட்டில் எழுதி முடித்து விடுவார்கள். ஒத்துழைக்காதது நோயாளியா? இந்த ஏற்பாடா?

நம்மில் சிலர் சொல்கிறார்கள்: "துன்பம் வறுமையிலிருந்து வருகிறது, கூலி உயர்ந்தால் மனச்சோர்வு தானே போய் விடும், இயந்திரம் எதற்கு, பேச்சு எதற்கு?" இது தவறு. கடன் நோயைக் கிளப்பலாம். கடனை அடைத்த மறுநாளே நோய் போய் விடாது. வசதி படைத்தவனுக்கும் இந்த நோய் வருகிறது. இன்னொரு பக்கம், பணம் பிடுங்கும் சிகிச்சை வியாபாரிகள் "இத்தனை தடவை உட்கார்ந்தால் தீர்ந்தது" என்று விளம்பரம் செய்கிறார்கள். இதுவும் தவறு. கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டுக்குத் திரும்புகிறவனிடம், "நல்லதையே நினை" என்று மட்டும் சொல்லும் பேச்சும் பேச்சல்ல. நோய்க்கும் சிகிச்சை வேண்டும். வாழ்வுக்கும் வழி வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை.

முடியாத காரியமா?

"கிராமத்துக்கெல்லாம் மனநல நிபுணர் வருவாரா?" என்று கேட்கிறார்கள். நிபுணர் மட்டும்தான் பேச வேண்டும் என்பதில்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், நிபுணர் அல்லாத சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடும் மனச்சோர்வு உள்ளவர்களுடன் 6 முதல் 8 தடவை பேச வைத்தார்கள். 2017-ல் வெளிவந்த முடிவின்படி, 3 மாதத்தில் அவர்களில் நூற்றுக்கு 64 பேர் தேறினார்கள். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 39 பேர். நம் கரையிலேயே, 2004 சுனாமிக்குப் பிறகு நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, துயரப்பட்ட குடும்பங்களிடம் அனுப்பியது. 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் பல உயிர்களைக் குடித்ததே, மிஞ்சிய பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நிவாரணப் பணத்தோடு கேட்கும் காதும் வேண்டாமா?

ஆகவே நாம் கோருவது இது:

மரக்காணம் அரசு ஆஸ்பத்திரியில் குறித்த நாளில் தவறாமல் மனநல டாக்டர் இருக்க வேண்டும். உள்ளூர்ப் பெண்களையும் ஆண்களையும் தேர்ந்து, பயிற்சியும் முறையான சம்பளமும் கொடுத்துப் பேச்சு சிகிச்சைக்கு அமர்த்த வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் தூண்டல் சிகிச்சை பெற்றுத் திரும்புகிறவரின் பெயர் அன்றே இவர்களிடம் வர வேண்டும். குறைந்தது 6 மாதம் அவரைக் கைவிடக் கூடாது. சிகிச்சை நாட்களுக்குப் பஸ் சார்ஜும், இழந்த கூலிக்கு ஈடும் கொடுக்க வேண்டும்.

இது பிச்சை அல்ல. சர்க்கார் நடத்தும் மனநலச் சேவையைப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று அதே 2017-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஏட்டில் எழுதிய உரிமையை அளத்துக்குக் கொண்டு வருவது யார்? சங்கங்கள் கூலிக் கோரிக்கையோடு இந்தக் கோரிக்கையையும் எழுத வேண்டும். சக தொழிலாளி நாலு நாளாக வேலைக்கு வரவில்லை என்றால் "குடித்து விட்டுக் கிடப்பான்" என்று போய் விடாமல், வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம் என்று சொல்ல வேண்டும். அவசியமானால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

விழுந்தவனை இயந்திரம் எழுப்பட்டும். எழுந்தவன் மீண்டும் விழாமல் தோள் கொடுப்பது நம் வேலை.