பர்தாவுக்குள் ஒரு சோடி இயர்பட்ஸ்

பாடசாலைக்குக் கொண்டுவர அனுமதியில்லாத ஒரு பொருளைப் பற்றிக் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதலாமா என்று முதலில் தயங்கினேன். ஆனால் மாலை வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். நம்மவர்களில் பாதிப்பேரின் பர்தாவுக்குள் அது இருக்கிறது. வாங்கிக் கொடுத்த வாப்பாமாரும் இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறார்கள். ஆகவே எழுதுகிறேன்.

வயரில்லாத இயர்பட்ஸில் மலிவானவை எல்லாம் குப்பை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நல்லவை இருக்கின்றன. பிழை, நாம் அவற்றைத் தெரிவு செய்யும் முறையில்தான் இருக்கிறது. பெட்டியில் அச்சடித்த இலக்கங்களைப் பார்க்கிறோம். யூடியூபில் ஓர் இளைஞர் சொல்வதைக் கேட்கிறோம். அவர் தலையில் பர்தா இல்லை, அவர் அக்குறணையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போவதுமில்லை.

வாங்குவதற்கு முன் உங்கள் ஃபோனின் விளிம்பைப் பாருங்கள். அங்கே வட்டமான ஒரு துளை இருந்தால், வயர் உள்ள இயர்ஃபோனே பெரும்பாலானவர்களுக்குப் போதும். அதற்குச் சார்ஜ் தேவையில்லை. ஒரு பக்கம் மட்டும் கழன்று கானுக்குள் விழுந்து தொலைவதுமில்லை. 2016இல் அப்பிள் நிறுவனம் தனது ஐஃபோன் 7இல் அந்தத் துளையை எடுத்துவிட்டு, கூடவே ஏர்பொட்ஸை அறிமுகம் செய்தது. அதைப் பின்பற்றிப் பல நிறுவனங்களும் துளையை மூடின. ஆனால் விலை குறைந்த ஃபோன்கள் பலவற்றில் அது இன்னும் இருக்கிறது. இருப்பதைப் பயன்படுத்தாமல் வாப்பாவின் பையில் கைவைக்கத் தேவையில்லை.

அப்படியானால் நான் ஏன் வாங்கினேன்? வயர் பர்தாவின் பின்னில் சிக்கும். கழற்றும்போது பின்னோடு வரும். ஒரு வருடத்தில் மூன்று இயர்ஃபோன்கள் இப்படி அறுந்தன. அதன்பிறகுதான் வீட்டில் கேட்டேன். “காதுக்குள்ள பெட்டரியா ஈக்குது?” என்று உம்மா பயந்தார். வாப்பா ஒன்றும் சொல்லாமல் 1,800 ரூபாய் எடுத்துத் தந்தார்.

அந்தக் காசுக்கு வாங்கியது, விலை கூடிய ஒன்றைப் பார்த்துச் செய்த வெள்ளைப் பெட்டி. கையில் வைத்திருந்தால் வித்தியாசம் தெரியாது. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்பதை இப்போது வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். நான்காவது மாதம் இடது பக்கம் செத்துவிட்டது. கடைக்குப் போனால், “செக்கிங் வொரண்டி ஒரு கிழமைதான் தங்கச்சி” என்றார்கள். திருத்த முடியுமா என்று கேட்டதற்குச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பின் காரணம் பிறகு விளங்கியது. ஒவ்வொரு இயர்பட்டுக்குள்ளும் ஒரு சிறு லித்தியம் பெட்டரி இருக்கிறது. அதன் கொள்ளளவு 30 முதல் 50 மில்லி அம்பியர் மணி அளவில்தான் இருக்கும். நமது ஃபோன்களின் பெட்டரி 5,000. சிறிய பெட்டரி அடிக்கடி சார்ஜ் ஆகும். ஆக ஆக அதன் சக்தி குறையும். வெளியே பசை போட்டு ஒட்டியிருப்பதால் திறந்து மாற்றவும் வழியில்லை. இயர்பட்ஸ் நகையைப் போலச் சேர்த்து வைக்கும் பொருளல்ல, செருப்பைப் போலத் தேயும் பொருள். ஆகவே விலையை மாதத்தால் பிரித்துப் பார்க்க வேண்டும். 1,800 ரூபாய் நான்கு மாதம் உழைத்தால் மாதத்துக்கு 450. இப்போது வைத்திருப்பதை 6,500 ரூபாய்க்கு வாங்கினோம். இருபது மாதமாகிறது, மாதத்துக்கு 325. மலிவு எது என்று இந்தக் கணக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பெட்டியில் எழுதியிருப்பவற்றை வாசிக்கவும் பழக வேண்டும். ‘36 மணித்தியாலம்’ என்பது பெட்டியில் திரும்பத் திரும்ப வைத்துச் சார்ஜ் ஏற்றுவதையும் கூட்டிய கணக்கு. காதில் ஒரே தடவையில் ஐந்தாறு மணித்தியாலம் நின்றால் நல்லது, அதுவும் சத்தத்தைப் பாதியில் வைத்தால். ‘புளூடூத் 5.3’ என்பதால் குரல் இனிமையாகிவிடாது. அந்த இலக்கம் இணைப்போடும் மின்சாரச் செலவோடும் சம்பந்தப்பட்டது. ‘ஐபிஎக்ஸ்4’ என்றால் தூறலையும் வியர்வையையும் தாங்கும், அவ்வளவுதான். நனைந்த இயர்பட்டைத் துடைக்காமல் பெட்டிக்குள் வைத்தால் சார்ஜ் ஏறும் ஊசிகள் கறுத்துப்போகும். எல்லாவற்றையும்விட நம்மை ஏமாற்றுவது ‘ஈஎன்சி’ என்ற மூன்றெழுத்து. இரைச்சலைக் குறைக்கும் என்று கடைக்காரர் சொல்வார். குறைக்கும்தான், ஆனால் உங்களுக்கல்ல. நீங்கள் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள இரைச்சல் மறுமுனையில் இருப்பவருக்குக் கேட்காமல் குறைப்பதே அதன் வேலை. உங்கள் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைப்பது ‘ஏஎன்சி’. ஓரெழுத்து மாறினால் பொருளே வேறு.

இனி, யாருமே சோதித்துப் பார்க்காத விடயம். பெரும்பாலான இயர்பட்ஸின் வெளிப்பக்கம் விரல் பட்டால் வேலை செய்யும். ஒரு தடவை தொட்டால் நிற்கும், இரண்டு தடவை தொட்டால் அடுத்ததுக்குப் போகும். பர்தா உரசினாலும் அது விரல் என்றே நினைத்துக்கொள்கிறது. வரலாற்றுப் பாடத்தின் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டு தலையைத் திருப்பினால் பாடம் நின்றுவிடும். குனிந்தால் மறுபடி தொடங்கும். ஒரு நாள் கடைசியாகப் பேசியவருக்கே அழைப்புப் போய்விட்டது. நாநா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. ஏனென்றால் அது வாப்பாவின் காசு.

இரண்டாவது முறை இதைத்தான் முதலில் விசாரித்தேன். சில நிறுவனங்களின் இயர்பட்ஸுக்கென்று ஃபோனில் ஏற்றும் ஒரு செயலி இருக்கும். அதில் தொடுகையை முழுதாக நிறுத்திவிடலாம். தொடுகைக்குப் பதிலாக அழுத்தும் பொத்தான் உள்ளவையும் இருக்கின்றன. அவற்றை அழுத்தினால் காது கொஞ்சம் வலிக்கும், ஆனால் துணி உரசிப் பொத்தான் அழுந்தாது. தண்டு நீண்டு தொங்கும் வகை பர்தாவில் தட்டிக் கழன்றுவரும். காதுக்குள் அவரை விதைபோல அடங்கும் வகைதான் நமக்கு வசதி. துணிக்குள் இருந்தால் பேச்சு எப்படியும் தெளிவாகப் போகாது, மறுமுனையில் சரசரவென்று உரசல்தான் கேட்கும். அழைப்புகளுக்காக இதை வாங்குபவர்கள் அதையும் யோசிக்க வேண்டும். கடையில் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், அது நியாயமும்கூட. ஏற்கெனவே வைத்திருக்கும் தோழியிடம் கேளுங்கள். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, பர்தாவோடு ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள். எந்த விமர்சனக் காணொளியும் அவ்வளவு சொல்லித் தராது.

பெட்டிக்குள் மூன்று அளவில் ரப்பர் மூடிகள் வரும். பலர் அவற்றைப் பிரிப்பதே இல்லை. நடு அளவு என் காதுக்குப் பெரிது. அது சரியாகப் பொருந்தாமல் இருந்ததால் வெளிச்சத்தம் உள்ளே வந்தது. அதை வெல்ல நான் ஃபோனின் சத்தத்தைக் கூட்டினேன்.

அதன் விலையை நான் காசில் கொடுக்கவில்லை. சனியும் ஞாயிறும் கண்டியில் வகுப்பு. கட்டுகஸ்தோட்டை நெரிசலோடு ஒரு பயணம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். இஞ்சின் சத்தம், ஹோர்ன், சாரதி போடும் பாட்டு, அதற்கு மேலே என் பாடம். ஒரு தவணை முடிவதற்குள் இரவில் படுக்கும்போது காதுக்குள் ‘ங்’ என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. மின்விசிறி என்று நினைத்து அதை நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை. இரண்டு கிழமை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாங்கித் தந்ததைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம். கடைசியில் உம்மாவிடம் சொன்னேன். காது வைத்தியரிடம் கூட்டிப் போனார்கள். கேட்டல் பரிசோதனையில் குறையில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்க் கலங்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை என்று அவர் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது.

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணித்தியாலம். சிறுவர்களுக்கு அது 75 டெசிபல். சத்தம் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 90 டெசிபலுக்கு வாரத்தில் கிடைப்பது நான்கு மணித்தியாலம் மட்டுமே. அந்த அளவில் கேட்டிருந்தால் என் பஸ் பயணங்கள் மட்டுமே அதை முடித்திருக்கும், வீட்டில் கேட்டது வேறு.

ஃபோன் டெசிபல் காட்டாது என்பதால் நானே ஒரு வழி வைத்திருக்கிறேன். வீட்டில் அமைதியான அறையில் பாடம் தெளிவாகக் கேட்கும் அளவுக்குச் சத்தத்தை வைக்கிறேன். வெளியே போனால் அதற்கு மேல் ஓர் அடிகூடக் கூட்டுவதில்லை. பஸ்ஸில் அந்த அளவில் கேட்காது. கேட்காவிட்டால் கேட்பதில்லை, கொப்பியை எடுத்து வாசிக்கிறேன். ஏஎன்சி உள்ளது வாங்கினால் இஞ்சின் போன்ற தொடர்ந்த உறுமல் குறையும் என்பது உண்மை. கொஞ்சம் காசு கூட இருந்தால் அழகான பெட்டிக்கு அல்ல, அதற்குக் கொடுக்கலாம். ஆனால் பஸ்ஸால் இறங்கி வீதியைக் கடக்கும்போது அது காதில் இருக்கக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கூப்பிட்டால் கேட்பதில்லை என்பது உங்கள் முறைப்பாடு, அது நியாயம். இயர்பட்ஸ் பெரும்பாலானவற்றில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் பயன்படுத்தலாம், மற்றது பெட்டிக்குள் சார்ஜில் இருக்கும். எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். ஒரு காது பாடத்துக்கு, மற்றக் காது உம்மாவுக்கு. பெட்டரியும் அதனால்தான் இருபது மாதம் தாங்கியது என்று நினைக்கிறேன். பறித்து வைப்பதைவிட, பிள்ளையிடமிருந்து வாங்கி ஒரு தடவை உங்கள் காதில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு சத்தத்தில் கேட்கிறாள் என்று தெரிந்துவிடும்.

இப்போது என் வலது பக்கம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்பதில்லை. “இன்னொண்டு எடுக்கவா மகள்?” என்று வாப்பா போன கிழமை கேட்டார். பரீட்சை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். இடது பக்கம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.