மாநாட்டுப் பயணமும் குடும்பமும்

தொழில் நிமித்தம் மாநாட்டுக்குச் செல்லும் ஆசிரியர் தம் மனைவி மக்களையும் உடனழைத்துச் செல்லலாமா என்னும் வினா திருச்சுழிப் பகுதியிலுள்ள எம்.ரெட்டியபட்டி வட்டாரத்திலும் எழக்கூடியதே. அழைத்துச் செல்வதே உசிதம் என்பது நமது அபிப்பிராயம்.

1981ஆம் ஆண்டு ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் கூடியபோது, ஒருபுறம் அறிஞர்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வாசித்தமையும், மறுபுறம் பொதுமக்களுக்கென விழா நிகழ்ச்சிகள் நடைபெற்றமையும், ஒரே யாத்திரையில் ஆசிரியருக்கு வித்தையும் அவர்தம் குடும்பத்துக்கு ஆனந்தமும் கிட்டுதல் சாத்தியமே என்பதைக் காட்டின. வானம் பார்த்த பூமியாகிய அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பிரதேசத்தில், மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் விதைத்த குடும்பங்களிலிருந்து கல்வியால் உயர்ந்தவர்களுக்கு, உல்லாசப் பிரயாணத்துக்கென்று தனியே பொருள் ஒதுக்குதல் எளிதன்று. ஆதலால் மாநாட்டுப் பயணமே, இல்லாளுக்கு மதுரைத் திருமலை நாயக்கர் மகாலையும், குழந்தைகளுக்குக் காந்தி நினைவு அருங்காட்சியகத்தையும் காட்டும் சந்தர்ப்பமாகிறது. காந்தியடிகள் சுடப்பட்ட நாளில் அணிந்திருந்த, இரத்தக்கறை படிந்த ஆடையை அங்கே நேரில் காணும் குழந்தை, பாடநூல் பல பக்கங்களில் சொல்ல முயல்வதைக் கண நேரத்தில் உணர்ந்துகொள்ளும்.

ஆயினும், பயணப்படி ஆசிரியர் ஒருவருக்கே உரியது. குடும்பத்தாரின் செலவு சொந்தப் பணத்திலிருந்தே செல்லவேண்டும். அமர்வு நடக்கும் வேளையில் ஆசிரியர் கடைவீதியில் காணப்படலாகாது. மாநாடு கூட்டுவோரும், குடும்பத்துடன் வருவோர்க்குக் குறைந்த வாடகையில் தங்குமிடம் அமர்த்தித் தருவாராயின், வீட்டுப் பொறுப்பின் காரணமாக இதுகாறும் வர இயலாத ஆசிரியைகள் பலர், கைக்குழந்தையுடனேனும் அவைக்கு வந்து அமர்வர்.