முயல் படம் போட்ட மூலைக்கும் ரமணிசந்திரன் ரேக்குக்கும் நடுவே

பெருமதிப்பிற்குரிய பொது நூலக இயக்குநர் அவர்களுக்கு,

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலரானவன் நான். பிழைப்பு, சிறு பதிப்பகங்களுக்குப் பிழை திருத்துவது. இந்த இரண்டு உரிமையிலும் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகளை நூலகத்துக்கு அழைத்துப் போனேன். சிறுவர் பகுதியில் சுவரில் முயலும் காளானும் வரைந்திருக்கிறார்கள். அதன் கீழே முழங்கால் உயரத்துக்குச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். அவள் அதில் உட்காரவில்லை. உட்கார்ந்தாலும் கால் மடங்காது. நேரே 'நாவல்' என்று எழுதிய ரேக்குக்குப் போனாள். ரமணிசந்திரன், ராஜேஷ்குமார், சாண்டில்யன், அப்புறம் பொன்னியின் செல்வன். அதில் முதல் பாகத்துக்கு அட்டையே இல்லை, ஐந்தாம் பாகம் புதுக்கருக்கு மாறாமல் இருக்கிறது. (எந்தப் பாகத்தோடு எத்தனை பேர் நின்றார்கள் என்பதை இதைவிடத் துல்லியமாக எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது.)

"என் வயசுக்கு ஏதாவது இருக்கா சார்?" என்று நூலகரிடம் கேட்டாள். நல்ல மனிதர் அவர். தனியாளாக நூலகத்தைத் திறந்து, கூட்டி, பதிவேடு எழுதி, பூட்டிவிட்டுப் போகிறவர். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தெனாலிராமன் கதைகளை எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கி, இரண்டு பக்கம் புரட்டி, மரியாதையாகத் திருப்பி வைத்துவிட்டாள். வீடு திரும்பும் வழியில் கைபேசியை எடுத்துப் பிரதிலிபி செயலியில் விட்ட இடத்திலிருந்து ஒரு தொடர்கதையைப் படிக்க ஆரம்பித்தாள். வாசிக்கிற பிள்ளைதான் ஐயா. நம்மிடம்தான் கொடுக்க எதுவும் இல்லை.

எதுவும் இல்லை என்பதும் சரியில்லை. புத்தகம் இருக்கிறது, அதற்கு ஓர் இடம்தான் இல்லை. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', கீழடியை வைத்து எழுதிய இளையோர் நாவல். 2023இல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. 2020இல் அதே விருது யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசிய'த்துக்குக் கிடைத்தது. பெரியவர்களின் தவறான தொடுதலைப் பற்றி ஒரு பிள்ளை வாய் திறந்து சொல்ல வழி காட்டுகிற கதை. 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. அதே சரவணனின் 'கயிறு' நாவல் அல்ல, சின்னக் கதைப் புத்தகம். மாணவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற சாதிக் கயிற்றைப் பற்றியது. நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவர்களே சாதிவெறியில் சக மாணவனை வெட்டியதற்குப் பிறகு, எட்டாம் வகுப்புக்கு மேல் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் அது போயிருக்க வேண்டும்.

நான் பார்த்த கிளை நூலகங்களில் இவை வந்திருந்தாலும் முயல் சுவருக்குக் கீழேதான் இருக்கின்றன. பதினான்கு வயதுப் பிள்ளை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. தம்பியின் வகுப்புத் தோழன் பார்த்துவிட்டால் மானம் போய்விடும். விருது தருகிறவர்களும் ஒன்பது வயதையும் பதினாறு வயதையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துத்தான் பரிமாறுகிறார்கள். பல் விழுந்து முளைக்கிற வயதும் மீசை அரும்புகிற வயதும் எப்படி ஐயா ஒரே இலையில் சாப்பிடும்? என் கணக்கில் 'ஆதனின் பொம்மை' பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குக் கச்சிதம். என் அண்ணன் மகள் அதைத் தாண்டிவிட்டாள்.

தாண்டியவளுக்கு என்ன கொடுப்பது? நான் பூமணியின் 'வெக்கை'யைக் கொடுத்தேன். 1982இல் வந்த நாவல், ஆனால் அவளுக்குப் புதுசு. 'அசுரன்' படத்தின் மூலம் என்பதால் அட்டையைப் பார்த்ததும் கண் விரிந்தது. கதை தொடங்கும்போதே சிதம்பரம் ஓர் ஆளை வெட்டிவிட்டு ஓடுகிறான். அவனுக்கு வயது பதினைந்து. அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டு அவள் வந்து கேட்டது கொலையைப் பற்றி அல்ல: "வெட்டிட்டு வந்து நிக்கிறான், அவங்கய்யா ஒரு அடிகூட அடிக்கலையே சித்தப்பா?" அந்த நாவலை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. அப்பனும் மகனுமாகக் காட்டில் ஒளிந்து, பொங்கித் தின்று, பேசிக்கொண்டே நடக்கிற அந்த நாட்களைத்தான் அவள் படித்திருக்கிறாள். வெட்டைப் படித்தது அண்ணி.

இந்த வரிசையில் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' வரும். பண்ணையத்தில் ஆடு மேய்க்கிற கூளையனுக்கு நம் பிள்ளைகளின் வயதுதான். அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' வரும். 1948இன் செகந்திராபாத்தில் கிரிக்கெட்டும் சைக்கிளுமாகத் திரிகிற சந்திரசேகரனைச் சுற்றி ஊர் பற்றியெரிகிறது. இவை பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்டவை அல்ல. பிள்ளைகளைப் பற்றி, அவர்களை ஏமாற்றாமல் எழுதப்பட்டவை. புதிதாக வருகிற இளையோர் நாவல்களோடு இவையும் ஒரே தட்டில் நின்றால், பதிமூன்று வயதில் ஒன்றை எடுக்கிற பிள்ளை பதினாறில் பக்கத்தில் இருப்பதை எடுக்கும்.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்லிவிடுகிறேன். பிழை திருத்த வருகிற இளையோர் நாவல்களில் பாதிக்கு மேல், கடைசி அத்தியாயத்தில் ஒரு தமிழாசிரியரோ தாத்தாவோ வந்து அரைப் பக்கம் அறிவுரை சொல்லாமல் முடிவதில்லை. தேவையில்லாமல் மிகுந்த ஒற்றை வெட்டுவது போல அந்த அரைப் பக்கத்தையும் வெட்டிவிடக் கை துறுதுறுக்கும். இன்னொரு அதிசயம், அந்தக் கதைகளில் பதிமூன்று முதல் பதினேழு வயது வரை யாருக்கும் யாரையும் பிடிப்பதே இல்லை. எல்லோரும் மரம் நடுகிறார்கள். ஏன் என்று ஓர் எழுத்தாளரிடம் கேட்டேன். "லைப்ரரி ஆர்டர் வராம போயிடும்" என்றார். அவர் பயம் சரியோ தப்போ, அந்தப் பயம் உங்கள் அலுவலகத்தின் பெயரைச் சொல்லித்தான் உலவுகிறது. இன்று ஒரு நாவலை இருநூறு, முந்நூறு பிரதி அச்சடித்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற சிறு பதிப்பாளருக்கு நூலக ஆணைதான் மழை. அந்த மழை எதன் மேல் பெய்கிறதோ அதுதான் அடுத்த வருடம் முளைக்கும்.

1948இலேயே நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலகத்துக்கென்று கட்டுகிறோம். அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரைக் கலைஞர் நூலகமும் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளை பஸ் ஏறாமல் போகிற நூலகம் முயல் சுவர் நூலகம்தான்.

அதனால் நான் கேட்பது புதுக் கட்டடம் அல்ல. கிளை நூலகம் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ரேக். 'இளையோர்' என்று ஒரு பெயர்ப்பலகை. கொள்முதல் செய்யும்போதும் பதிமூன்று முதல் பதினேழு வயதுக்கான நாவல்களைச் சிறுவர் நூல்களோடு சேர்த்துக் கட்டாமல் தனியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தேர்வு செய்கிற மேசையில் அந்த வயதுப் பிள்ளைகள் இரண்டு பேராவது உட்காரட்டும். எங்கள் வாசகர் வட்டத்தில் வயதில் இளையவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அங்கேயும் அந்த வயதில் இரண்டு பேரைச் சேர்க்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அவர்கள் படித்துவிட்டு, ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதிப் புத்தகத்துக்குள் செருகி வைக்கட்டும். பரிந்துரை என்றால் அதுதான். நானும் நீங்களும் போடுகிற பட்டியலை அவர்கள் மதிக்க மாட்டார்கள்.

'வெக்கை'க்குள் என் அண்ணன் மகள் அப்படி ஒரு தாள் செருகியிருக்கிறாள். அவளுடைய தோழி அதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் மூன்று வாரம் ஆகிறது. எனக்கு இன்னும் திரும்பி வரவில்லை.

ரேக் வரும்போது ஒரே ஒரு வேண்டுகோள்: அதன் மேல் முயல் படம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு புரவலர்