அழுகல் கழிவை எங்கள் தலையில் கட்டாதீர்கள்

மாங்காய் மண்டி நடத்தும் ஐயா அவர்களுக்கு,

பருவம் தவறாமல் உங்கள் மண்டிக்குக் காய் கொண்டுவரும் கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயி எழுதுகிறேன். காய் இறங்கிய அன்று தரம் பார்த்து, எடை போட்டு, "நல்ல சரக்கு" என்று சொல்வது நீங்கள்தான். நாலைந்து நாள் கழித்து வெளியூர் வியாபாரி அழுகிவிட்டது என்று போன் செய்தால், நட்டம் மொத்தமும் எங்கள் சீட்டில் கழிகிறது. கேட்டால், "உன் தோட்டத்துக் காய்தானே?" என்கிறீர்கள்.

எங்கள் பங்கு இல்லாமல் இல்லை. ஆந்தராக்னோஸ் பூஞ்சை, பூவிலும் பிஞ்சிலும் இருக்கும்போதே வந்து ஒட்டிக்கொள்கிறது. காய்ந்த குச்சியிலும் சருகிலும் இருக்கும் வித்துகளை மழைத்துளி தெறித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பச்சைக் காயின் தோலில் பூஞ்சையை அடக்கும் சத்து உண்டு. அது இருக்கிறவரை பூஞ்சை அசையாமல் கிடக்கும். பழுக்கப் பழுக்க அந்தச் சத்து வற்றும். அப்போதுதான் கரும்புள்ளி கிளம்பி, புள்ளியோடு புள்ளி கூடி, சதை குழிகிறது. சில பழங்களில் காம்படியிலிருந்து நீர் வழிந்த தடத்திலேயே கறுப்புக் கோடு இறங்கியிருக்கும், பார்த்திருப்பீர்கள். ஆக, மண்டியில் பளபளவென்று இருந்த காயை நாங்கள் ஏமாற்றித் தள்ளவில்லை. உங்கள் கண்ணுக்குத் தெரியாதது எங்கள் கண்ணுக்கும் தெரியாது. கவாத்து செய்வதும், காய்ந்த குச்சியை எரிப்பதும், பூக்கும் பருவத்தில் மருந்தடிப்பதும் எங்கள் வேலை. மாவைப் போலவே ஒற்றைக் கொட்டை உள்ள பீச், பிளம் பழங்களைப் பழுப்பு அழுகல் தாக்குகிறது. அங்கேயும் மரத்தில் வற்றித் தொங்கும் பழங்களை அகற்றுவது தோட்டக்காரர் பொறுப்புதான்.

ஆனால் காம்பு அழுகலுக்கு யார் பொறுப்பு? தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தால் பறிப்பவர்கள் உங்கள் ஆட்கள். கிளையை உலுக்கித் தரையில் கொட்டுகிறார்கள். காம்பு அடியோடு பிய்ந்துபோகிறது. லேசியோடிப்ளோடியா என்ற பூஞ்சைக்கு அந்த இடமே வாசல். பழுக்கும்போது காம்பைச் சுற்றிக் கருவளையம் விழும். அடுத்த சில நாளில் பழம் கூழாகிவிடும். தொரட்டியில் வலை கட்டி, ஒரு சென்டிமீட்டராவது காம்பு விட்டு வெட்டினால் இது குறையும். பிறகு காயை வெயிலில் குவித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் மூடி லாரியில் ஏற்றுவது யார்?

52 டிகிரி வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் காயை முக்கி, ஆறவிட்டு, உலர்த்தி அனுப்பினால் ஆந்தராக்னோஸ் நன்றாகவே அடங்கும். காம்பு அழுகலுக்கு அது அவ்வளவு கேட்காது. அதற்குப் பறிப்புதான் மருந்து. ஏற்றுமதிக் காய்க்குச் செய்கிற இந்தச் சிகிச்சை உள்ளூர்க் காய்க்கு மட்டும் ஏன் கிடையாது? தனியாகத் தொட்டி கட்ட இரண்டு ஏக்கர்க்காரனால் ஆகாது. மண்டியில் ஒன்று போடுங்கள், செலவில் பங்கு தருகிறோம்.

தரம் பார்த்து ஒப்புக்கொண்ட சரக்குக்குப் பின்னால் கழிவு பிடிப்பதை நிறுத்துங்கள். அடுத்த பருவம் தொடங்குமுன் எங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

இப்படிக்கு,
மா விவசாயி ஒருவன்