கடற்பசுவின் ஓபனிங் பேலன்ஸ்

"செத்துப்போன மாட்டு எலும்புக்கு எதுக்குய்யா அரசாங்கக் காசு?" கட்ச் புதைபடிவங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் வகுப்பில் வரும் முதல் கேள்வி இது. அடுத்தது, "பாக் விரிகுடாவில் உயிரோட இருக்கற ஆவுளியாவைக் காப்பாத்தினா போதாதா?" இதைக் கேட்பவர்கள் காமர்ஸ் படிப்பவர்கள் என்பதில்தான் எனக்கு ஆத்திரம். ஓபனிங் பேலன்ஸ் இல்லாமல் கணக்கு எழுதுவீர்களா மக்களே?

குஜராத்தின் கட்ச் ஒரு காலத்தில் ஆழமில்லாத கடல். கடற்பசுவின் விலா எலும்பில் மஜ்ஜைக் குழி கிடையாது, கல் மாதிரி கெட்டி. உடம்பு மிதக்காமல் அடியில் மேய அதுதான் எடைக்கல். அதனாலேயே நமக்கு மிஞ்சியும் கிடைக்கிறது. அங்கே சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய பாறைகளில் குட்சிசைரன், பாரதிசைரன், டாம்னிங்கியா என்று மூன்று வகைகள். ஒரே கடல், ஒரே காலகட்டம். எப்படி ஒத்துப்போயின? உடல் அளவு, முகவாய் வளைவு, தந்தம் எல்லாம் வேறு வேறு. அதனால் மேய்ந்த புல்லும் வேறாக இருந்திருக்கும் என்கிறார்கள். பெரிய தந்தக்காரர் தடித்த கடற்புல் கிழங்கைத் தோண்டுவார், மற்றவர் மெல்லிய புல்லைப் பார்த்துக்கொள்வார். வெலெஸ்-ஹுவார்பே, டாம்னிங், பைன்சன் மூவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் ஃப்ளோரிடா, கட்ச், மெக்சிகோ என்று மூன்று இடங்களில், வெவ்வேறு காலங்களில், இதே கதை.

இன்று இந்தியப் பெருங்கடலில் மிஞ்சியது ஒரே இனம். 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒன்று இயல்பா, மிச்சமா? தோண்டி மேய்ந்தவர்கள் போனபின் கடற்புல் வெளி எப்படி மாறியது? உயிரோடிருக்கும் ஆவுளியாவை எத்தனை வருஷம் பார்த்தாலும் இதற்குப் பதில் வராது. எலும்பைத்தான் கேட்க வேண்டும்.

அந்த எலும்புக்கு என்ன பாதுகாப்பு? மேற்கு கட்சில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் உண்டு. நிலக்கரிக்கு டன்னுக்கு இவ்வளவு என்று விலை இருக்கிறது. எலும்புக்கு லெட்ஜரில் ஒரு பக்கம்கூட இல்லை. மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில்தான் புவிப் பாரம்பரியத்துக்கென்று ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. அதுவரை தனிச் சட்டமே கிடையாது. அந்த வரைவும் அதிகாரத்தையெல்லாம் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்திடம் குவிக்கிறது என்று ஆய்வாளர்களே எதிர்த்தார்கள். சட்டம் வேண்டும், பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உட்கார்ந்து முடிவெடுக்கும் ஒரு தனி அமைப்பும் வேண்டும்.

"லாபம் என்ன?" என்று மறுபடி கேட்கப்போகிறவர்களுக்கு: உடைந்துபோன புதைபடிவத்தை எந்த விலை கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், சண்டை போடலாம்.