ஊர்கள் பல, இசைக்குழு ஒன்று

இசையை விரும்பாதவர் யார்? ஆயினும் நம்மில் பலருக்குப் பத்தாம் வகுப்பு வந்ததும் வயலின் பரணுக்குப் போய்விடுகிறது. "தேர்வு முடியட்டும்" என்கின்றனர் பெற்றோர். தேர்வு முடிகிறது, வயலின் மட்டும் இறங்குவதில்லை. இந்நிலை மாற, பல ஊர் இளையோரைச் சேர்த்துப் பயிற்சி அளித்து, ஊர் ஊராகச் சென்று வாசிக்கச் செய்யும் இசைக்குழு ஒன்று நம் வட்டாரத்துக்கும் வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இது புதிய எண்ணமன்று. 1976-இல் ஐரோப்பாவில் இத்தகைய இளைஞர் இசைக்குழு தோன்றியது. கிளாடியோ அப்பாடோ அதன் முதல் இசை இயக்குநர். பல நாட்டு இளையோர் தேர்வு வைத்துச் சேர்க்கப்பட்டு, தேர்ந்த கலைஞர்களிடம் ஒன்றாகப் பயின்றபின் சுற்றுப்பயணம் புறப்படுவர். வெனிசுவேலாவில் அப்ரேயு 1975-இல் தொடங்கிய இயக்கம் ஏழைப் பிள்ளைகளின் கையிலும் கருவியைக் கொடுத்தது. நம் சென்னையிலேயே ஏ.ஆர். ரகுமானின் முயற்சியால் அமைந்த சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவில் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் கட்டணமின்றிக் கற்றனர்.

தனியே வாசிப்பவருக்குத் தம் ஒலி ஒன்றே கேட்கும். குழுவிலோ தம் முறை வரும்வரை தாளத்தை எண்ணிக் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு வாசிக்க வேண்டும். நம் பகுதிக்கு இப்பழக்கம் மிகத் தேவை. சிறுசேரியில் சிப்காட் பூங்காவின் உயர்ந்த கட்டடங்களும் உள்ளன, பழைய கிராமத் தெருக்களும் உள்ளன. கோவளத்தில் மீனவர் வீடுகள். மாமல்லபுரத்தில் சிற்பக் கூடங்கள். இவ்வீட்டுப் பிள்ளைகள் அருகருகே வளர்ந்தும் ஒருவரையொருவர் அறியோம். ஒரே மேடையில் அமர்ந்தால் அறிவோம்.

"பெண்பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்புவதா?" என்று கேட்பவர் உண்டு. புகழ்பெற்ற வியன்னா பில்ஹார்மோனிக் குழுவே 1997 வரை பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. குறை பெண்களின் திறமையில் இருந்ததா? ஆண்களுக்கே உரியது என்று கருதப்பட்ட நாதசுரத்தை வாசித்துப் பெரும்புகழ் பெற்றவர் மதுரை பொன்னுத்தாய் அன்றோ?

பெற்றோரின் அச்சத்தை நாங்கள் இகழவில்லை. ஆசிரியைகள் துணைக்கு வரட்டும். பயிற்சியும் பயணமும் விடுமுறையில் அமையட்டும். பள்ளிகள் கருவிகளைப் பொதுவில் வாங்கி முறைவைத்துத் தரட்டும். முதற் பயணம் சிறுசேரியிலிருந்து மாமல்லபுரம் வரை போதும்.

பெற்றோர்களே, அதற்குமுன் ஒன்று செய்யுங்கள்: பரணிலுள்ள வயலினை இறக்கிக் கொடுங்கள்!