காலுக்கு உரியவன் கையிலே ஓட்டு எங்கே?

தோழர்களே! விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையிலே களிமண் பிசைகிறவனுக்கும், சூளையின் அனலைத் தாங்கி நிற்கிறவனுக்கும், சங்கத் தேர்தல் என்று வந்தால் ஆளுக்கொரு ஓட்டு உண்டு. நாடு முழுவதும் கைதட்டி மகிழ்கிற கால்பந்தாட்டக்காரனுக்கு, அவனது ஆட்டத்தை ஆளுகிற சபையிலே அந்த ஓட்டும் இல்லை என்றால் நம்புவீர்களா?

அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 1937-லே, சிம்லா மலையிலே, இராணுவத் தலைமையகத்திலே பிறந்தது. மலையிலே பிறந்ததாலோ என்னவோ, மக்கள் இருக்கும் சமவெளிக்கு இறங்கி வரவே அதற்கு மனமில்லை!

1948-லே இலண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினர். பிரான்சிடம் 2-க்கு 1 என்றுதான் தோற்றனர். அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி இராமன். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1950-லே, உலகக் கோப்பைக்கு வாருங்கள் என்றது பிரேசில். பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்கவும் முன்வந்தது. சம்மேளனத்தார் அணியை அனுப்பவில்லை. ஒலிம்பிக்கே பெரிது, உலகக் கோப்பை என்ன பெரிது என்று எண்ணினர் போலும்! பழி யார்மீது விழுந்தது? பூட்ஸ் போடாத காலின்மீது! மேசையிலே செய்த பிழைக்கு மைதானத்துக் கால் தண்டனை ஏற்றது. அதே கால்கள்தாம் 1951-லும் 1962-லும் ஆசியப் போட்டியிலே தங்கம் கொண்டுவந்தன. 1956-லே மெல்போர்னில் நான்காம் இடம் பெற்றன.

ஆட்டக்காரன் பத்தாண்டு ஆடினால் முழங்கால் தேயும். தலைவர் நாற்காலி தேயுமா? பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி 1988 முதல் 2008 வரை இருபது ஆண்டுகள் அமர்ந்தார். அடுத்து வந்த பிரபுல் படேல் காலவரம்பு முடிந்தும் எழவில்லை. 2022 மே மாதத்திலே உச்சநீதிமன்றம் எழுப்ப வேண்டியதாயிற்று. உடனே உலகச் சம்மேளனமான பிஃபா, வெளியார் தலையீடு என்று கூறி ஆகஸ்டிலே இந்தியாவைத் தடைசெய்தது. கோகுலம் கேரளா அணிப் பெண்கள் ஆசியக் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்டிலே போய் இறங்கியிருந்த நேரம்! ஆடாமலே திரும்பினார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன?

புகழ்பெற்ற ஆட்டக்காரர் 36 பேருக்கும் ஓட்டு என்று முதலில் ஒரு ஏற்பாடு இருந்தது. பிஃபா ஒப்பவில்லை, ஓட்டு பறிபோனது, தடை நீங்கியது. செப்டம்பர் 2-லே மாநிலச் சங்கங்கள் மட்டும் வாக்களித்தன. நாட்டுக்கே தலைமை தாங்கி ஆடிய பைச்சுங் பூட்டியாவுக்கு ஒரு ஓட்டு! பா.ஜ.க.வைச் சேர்ந்த கல்யாண் சௌபேக்கு 33! அவரும் முன்னாள் கோல்காவலர்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கட்சிக்காரர் என்று பார்த்த பிறகுதானே அந்தப் பழைய கையுறை எல்லோர் நினைவுக்கும் வந்தது?

2025-லே ஒப்பந்தச் சிக்கலால் பெரிய லீக் நின்றபோது, பெங்களூர் கழகம் ஆட்டக்காரர் சம்பளத்தையே நிறுத்திவைத்தது. கதவடைப்பின் சுவை தெரிந்த தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

நம் கடலூர் மாவட்டத்துப் பெண் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியவர், காவல்துறையிலே உதவி ஆய்வாளர். 2022-லே அவருக்கும் ஓட்டில்லை. 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் ஏற்ற புதிய சட்டதிட்டம், பொதுக்குழுவிலே ஆட்டக்காரர்களுக்கு இடம் தருகிறது, பெண்களுக்கும் தருகிறது. அந்த இடங்களிலே கடலூர்க் கால்கள் போய் அமர்கின்றனவா, அல்லது டில்லித் தலைகளுக்கு ஆட்டும் தலைகள் அமர்கின்றனவா என்று பெயர் பெயராக எண்ணிப் பார்க்கப் போகிறோம்.